மூளையின் நடுவறையைத் தேடிச் சென்ற மருத்துவர் வால்டர் டேண்டி

மனித உடலின் உறுப்புகளில் கவிஞர்களால் மிகுதியாகப் பேசப்பட்டது இதயம். தத்துவ அறிஞர்களால் மிகுதியாகப் பேசப்பட்டதோ, பட்டாணியைவிடச் சிறியதான ஓர் உறுப்பு. தலையின் நட்டநடுவில், பெருமூளையின் இரு பாதிகளுக்கும் அடியில், வெளியிலிருந்து எந்தப் பக்கமாகச் சென்றாலும் எட்டாத ஆழத்தில் அது அமைந்திருக்கிறது. பைன் மரக் காயின் வடிவில் இருப்பதால் பழங்காலக் கிரேக்க மருத்துவர்கள் அதற்கு அப்பெயரையே இட்டனர். பினியல் சுரப்பி என்று இன்று வழங்கும் பெயரின் வேர் அதுவே. மூளையில் மற்ற உறுப்புகள் எல்லாம் இணை இணையாக இருக்க, இது மட்டும் தனித்து நிற்பதைக் கண்ட பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டெக்கார்ட்டே, ஆன்மா தன் பணியைச் செய்யும் இருக்கை இதுவே எனப் பதினேழாம் நூற்றாண்டில் முடிவு கட்டினார்.

தத்துவத்துக்கு எளிதாக எட்டிய அந்த இடம் அறுவை மருத்துவத்துக்கு இருபதாம் நூற்றாண்டு வரை எட்டவில்லை. அங்கே கட்டி வளர்ந்தால் அதனைக் கண்டறியவும் வழியில்லை. கண்டறிந்தாலும் அகற்றத் துணிவார் இல்லை. அவ்விரு தடைகளோடும் போராடியவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் எட்வர்ட் டேண்டி. பெரும் புகழும் பெரும் பகையும் ஒருங்கே வாய்த்த வாழ்வு அவருடையது.

ரயில் ஓட்டுநரின் மகன்

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் செடாலியா என்னும் ரயில்வே ஊரில் 1886ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் டேண்டி பிறந்தார். தந்தை இங்கிலாந்திலிருந்தும் தாய் அயர்லாந்திலிருந்தும் குடியேறியவர்கள். தந்தை ரயில் எஞ்சின் ஓட்டுநர். பெற்றோருக்கு இவர் ஒரே பிள்ளை. உழைப்பும் சிக்கனமுமே அக்குடும்பத்தின் செல்வம். 1903இல் உயர்நிலைப் பள்ளியில் முதல் மாணவராகத் தேறிய டேண்டி, மிசௌரிப் பல்கலைக்கழகத்தில் 1907இல் பட்டம் பெற்றார். அங்கேயே மருத்துவத்தின் முதலாண்டுப் பாடங்களையும் படித்து முடித்திருந்தமையால், அதே ஆண்டு பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தார்.

அந்நாளில் ஹாப்கின்ஸ் அமெரிக்க மருத்துவத்தின் தலைமைப் பீடம். அறுவைத் துறைக்கு வில்லியம் ஹால்ஸ்டெட் தலைவர். அவருக்குக் கீழே ஹார்வி குஷிங் மூளை அறுவை என்னும் புதிய துறையைத் தனியொருவராக உருவாக்கிக் கொண்டிருந்தார். டேண்டி மாணவராக இருக்கும்போதே இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள மனிதக் கரு ஒன்றை ஆராய்ந்து விவரித்துக் கட்டுரை எழுதினார். மிகச் சிறிய ஒன்றை மிகப் பொறுமையாகப் பார்க்கும் கண் அவருக்கு அப்போதே அமைந்துவிட்டது. 1910இல் மருத்துவப் பட்டம் பெற்றதும் குஷிங்கின் ஆய்வுக்கூடத்தில் ஓராண்டும், மருத்துவமனையில் அவருடைய உதவியாளராக மற்றோராண்டும் பணியாற்றினார்.

ஆசிரியரும் மாணவரும்

இருவரும் ஒருவருக்கொருவர் ஏற்றவர்களாக அமையவில்லை. குஷிங் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். நயமான பேச்சும் எழுத்தும் கைவரப் பெற்றவர். பிற்காலத்தில் மருத்துவப் பேராசான் வில்லியம் ஆஸ்லரின் வாழ்க்கை வரலாற்றை எழுதி 1926இல் புலிட்சர் பரிசு பெற்ற இலக்கியவாதி. டேண்டியோ சுருங்கப் பேசுபவர். தமக்குச் சரியெனப் பட்டதை எவர் முன்னும் மறைக்காதவர். ஆசிரியரின் கருத்துக்கு மாறான முடிவு ஆய்வில் கிடைத்தால், அதை மாற்றிச் சொல்லும் பணிவு அவரிடம் இல்லை. 1912இல் குஷிங் பாஸ்டன் நகரின் புதிய மருத்துவமனைக்குத் தலைவராகப் புறப்பட்டார். தம்மையும் அழைத்துச் செல்வார் என்று டேண்டி நம்பியிருந்தார். கடைசி நேரத்தில் அழைப்பு இல்லை என்று தெரிந்தது. ஓர் இளம் மருத்துவருக்கு அது கால்களுக்குக் கீழே நிலம் நழுவியது போன்ற அடி.

அவரை ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலேயே நிலைநிறுத்தியது ஹால்ஸ்டெட்டின் ஆதரவு. ஜார்ஜ் ஹாயர் என்னும் மூத்த மருத்துவரிடம் அறுவைப் பயிற்சியைத் தொடர்ந்தார். ஆசிரியர் கைவிட்ட இடத்திலேயே வேரூன்றிய அவர், வாழ்நாள் இறுதிவரை அந்த மருத்துவமனையைவிட்டு அகலவில்லை.

தேங்கிய நீர் கற்பித்த பாடம்

மூளைக்குள் நான்கு அறைகள் உள்ளன. அவற்றில் தெளிந்த நீர் சுரந்து, குறுகிய வழிகள் ஊடாக ஓடி, மூளையின் புறத்தைச் சூழ்ந்து, பின் இரத்தத்தில் கலக்கிறது. இந்த ஓட்டம் தடைபட்டால் நீர் தேங்கி மூளை வீங்கும். குழந்தைகளின் தலை பெருக்கும். அந்நோய் எதனால் வருகிறது என்பது அன்று விளங்காமலே இருந்தது. டேண்டியும் குழந்தை மருத்துவர் கென்னத் பிளாக்ஃபேனும் இதனை ஆராய்ந்து 1913இலும் 1914இலும் முடிவுகளை வெளியிட்டனர். மூன்றாம் அறைக்கும் நான்காம் அறைக்கும் இடையே உள்ள நுண்ணிய கால்வாயை ஒரு நாயின் மூளையில் பஞ்சுத் துணுக்கால் அடைத்தபோது, மேல் அறைகள் இரண்டும் விரிந்து வீங்கின. மூளை அறைக்குள் சாயம் ஒன்றைச் செலுத்தி, அது முதுகுத்தண்டு நீரில் வந்து சேர்கிறதா என்று பார்த்து, அடைப்பினால் வந்த நோயையும் உறிஞ்சல் குறைவினால் வந்த நோயையும் பிரித்தறியும் வழியையும் கண்டனர்.

பினியல் கட்டியின் கதையும் இங்கிருந்தே தொடங்குகிறது. அந்தச் சுரப்பி அமைந்திருப்பது மூன்றாம் அறையின் பின்சுவரில். நுண்கால்வாயின் வாசலுக்கு மேலே. அங்கே வளரும் கட்டி அந்த வாசலை அழுத்தி மூடிவிடுகிறது. நீர் தேங்குகிறது. தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கட்டி கீழே உள்ள நடுமூளையையும் அழுத்தும்போது நோயாளியால் கண்களை மேல்நோக்கி உயர்த்த முடியாமல் போகிறது. பிரெஞ்சுக் கண் மருத்துவர் பாரிநோவின் பெயரால் வழங்கும் அந்த அறிகுறி, வானத்தை அண்ணாந்து பார்க்க இயலாத கண்களைக் கொண்டு மூளையின் ஆழத்தில் இருக்கும் நோயின் இடத்தைச் சொல்வது. இந்நோய்க்கு ஆளாவோரில் சிறுவரும் இளைஞருமே மிகுதி. சில சிறுவர்களிடம் பருவமடைதல் உரிய வயதுக்கு முன்பே வந்துவிடுவதும் உண்டு.

அச்சுரப்பியின் பணி என்ன என்பதையும் டேண்டி அறிய விரும்பினார். இளம் நாய்களின் மூளையிலிருந்து அதனை முழுமையாக அகற்றி, அவற்றின் வளர்ச்சியைக் கண்காணித்து 1915இல் முடிவை வெளியிட்டார். வளர்ச்சியிலோ பருவமடைதலிலோ மாற்றம் எதுவும் தென்படவில்லை. உயிர் வாழ்வதற்கு அச்சுரப்பி இன்றியமையாதது அன்று. டெக்கார்ட்டே ஆன்மாவுக்கு அளித்த இருக்கை வெறுமையாகிவிட்டது. அதன் உண்மையான பணி தெரிய வர மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின. 1958இல் ஏரன் லெர்னர், மெலட்டோனின் என்னும் சுரப்பை அதிலிருந்து பிரித்தெடுத்தார். இருள் கவியும்போது சுரந்து உடலுக்கு இரவை அறிவிக்கும் பொருள் அது. எனினும் 1915ஆம் ஆண்டின் ஆய்வு வேறொரு வகையில் பெரும்பயன் தந்தது. அந்த ஆழத்துக்குச் செல்லும் ஒரு பாதையை டேண்டியின் கைகள் அப்போதே பழகிக்கொண்டன.

காற்றால் எழுதிய படம்

கட்டி எங்கே என்று தெரியாமல் மண்டையைத் திறப்பது, இருட்டறையில் ஊசியைத் தேடுவதற்கு ஒப்பாகும். எக்ஸ் கதிரில் எலும்பு தெரியும். மூளையோ, அதன் நீரோ, கட்டியோ தனித்துத் தெரிவதில்லை. நோயாளியின் நடையையும் பார்வையையும் சோதித்து, ஊகத்தின் பேரில் கத்தியை எடுத்தவர்கள் பல வேளைகளில் கட்டியைக் காணாமலே காயத்தை மூடினார்கள்.

வயிற்றை எடுத்த எக்ஸ் கதிர்ப் படங்களில் குடலின் வாயு, எலும்பையும் ஊடுருவித் தெரியும் அளவுக்கு நிழலை மாற்றிவிடுவதை ஹால்ஸ்டெட் அடிக்கடி சுட்டிக்காட்டி வந்தார். அந்தச் சொல் டேண்டியின் உள்ளத்தில் தங்கியது. மூளை அறைகளின் நீரைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்து, எடுத்த அளவுக்குக் காற்றைச் செலுத்தினால் அறைகளின் உருவம் படத்தில் விழும் அல்லவா? குழந்தைகளின் உச்சிக்குழி வழியே ஊசியைச் செலுத்தியும், பெரியவர்களுக்கு மண்டையோட்டில் சிறு துளையிட்டும் இதனைச் செய்தார். 1918இல் அம்முறையை வெளியிட்டார். அடுத்த ஆண்டே, முதுகுத்தண்டின் வழியாகக் காற்றைச் செலுத்தும் மற்றொரு முறையையும் அறிவித்தார்.

உயிருள்ள மனிதனின் மூளைக்குள் இருக்கும் வடிவம் அன்றுதான் படமாகத் தெரிந்தது. ஓர் அறை நசுங்கியிருந்தால் கட்டி அந்தப் பக்கம். இரு மேல் அறைகளும் விரிந்து, மூன்றாம் அறையின் பின்புறம் மட்டும் காற்று நிரம்பாமல் வெட்டுண்டு நின்றால், கட்டி பினியல் பகுதியில். இச்சோதனை ஆபத்தற்றது அன்று. கடும் தலைவலியைத் தந்தது; சிலரின் உயிரையும் பறித்தது. குஷிங் தொடக்கத்தில் அதனை ஐயத்துடனே நோக்கினார். ஆயினும் 1970களில் கணினி வழி ஊடுகதிர்ப் படம் வரும்வரை, அரை நூற்றாண்டுக் காலம் உலகெங்கும் மூளை மருத்துவர்கள் பயன்படுத்தியவை டேண்டியின் காற்றுப் படங்களே.

எட்டாத இடத்துக்கு ஒரு வழி

இடம் தெரிந்த பின்னர் எஞ்சியது, அங்கே செல்லும் வழி. பெர்லினில் ஃபெடோர் கிராவுசே, நரம்பியல் மருத்துவர் ஓப்பன்ஹைமின் நோயறிதலை நம்பி, நோயாளியை உட்கார வைத்துப் பிடரிப் பக்கம் திறந்து, சிறுமூளைக்கு மேலாகவும் அதன் கூரைச் சவ்வுக்குக் கீழாகவும் சென்று, பினியல் பகுதிக் கட்டி ஒன்றை வெற்றியுடன் அகற்றியதை 1913இல் அறிவித்திருந்தார். டேண்டி மேலிருந்து இறங்கும் வழியைத் தேர்ந்தார். 1921இல் அவர் விவரித்த அறுவை இவ்வாறு அமைந்தது: தலையின் பின்பகுதியில் வலப்புறம் அகலமான எலும்புக் கதவு ஒன்றைத் திறத்தல், வலப் பெருமூளையை நடுத்திரைச் சவ்விலிருந்து மெல்ல விலக்குதல், இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தின் பின்பகுதியைப் பிளத்தல், அதன் அடியில், கேலன் என்னும் பண்டை மருத்துவரின் பெயர் தாங்கிய பெருஞ்சிரையைக் காயப்படுத்தாமல் ஒதுக்கி, கட்டியை அடைதல்.

சொல்வதற்குச் சில வரிகள். செய்வதற்கோ உயிரைப் பணயம் வைக்கும் வேலை. மூளையின் உட்பகுதிக் குருதியெல்லாம் அச்சிரை வழியே வடிகிறது. அது கிழிந்தால் நோயாளி மேசையிலேயே முடிந்துவிடுவார். நுண்நோக்கி இல்லை. இரத்தம் ஏற்றும் வசதி வளராத காலம். கட்டியின் தன்மையை முன்கூட்டி அறியும் வழியும் இல்லை. தொடக்க கால அறுவைகளில் உயிரிழப்பு மிகுதியாக இருந்தது. டேண்டி அதனை மறைக்கவில்லை, பின்னரும் கைவிடவில்லை. 1936இல் பினியல் கட்டிகளில் தமது அனுபவத்தைத் தொகுத்து மீண்டும் எழுதினார். அவர் முன்னிருந்த கேள்வி எளிதானது அன்று. தொட்டால் பலர் இறப்பர். தொடாவிட்டால் அனைவரும் பார்வையிழந்து, நினைவிழந்து, மெல்ல மெல்ல இறப்பர். குஷிங்கின் விடை எச்சரிக்கை. அகற்ற முயல்வது தகும் என்று சொல்லும் அளவுக்குப் பினியல் கட்டி எதையும் தம்மால் திறந்து காண முடிந்ததில்லை என்று 1932இல் அந்தப் பேராசான் பதிவு செய்தார். டேண்டியின் விடை முயற்சி. இரண்டும் நேர்மையான விடைகளே.

இருவருக்கும் இடையே இருந்த பிளவு 1922இல் வெளிப்படையாயிற்று. செவி நரம்புக் கட்டியை முழுவதுமாக அகற்ற இயலும் என்று டேண்டி சுருக்கமான முன்னறிக்கை ஒன்றை வெளியிட்டார். கட்டியின் உட்பகுதியை மட்டும் அகற்றும் முறையால் உயிரிழப்பைப் பெரிதும் குறைத்திருந்த குஷிங், தம் பங்களிப்புக்கு உரிய மதிப்பு அளிக்கப்படவில்லை எனச் சினந்து கடிதம் எழுதினார். அந்தக் காயம் இருவர் வாழ்நாளிலும் முழுமையாக ஆறவில்லை.

புகழும் தோல்வியும்

அதன் பின் வந்த இருபது ஆண்டுகள் டேண்டியின் பொற்காலம். முகத்தைப் பிளக்கும் நரம்பு வலிக்குப் புதிய அறுவை. தலைச்சுற்றல் நோய்க்கு மற்றொன்று. முதுகெலும்பின் இடைத்தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துவதை 1929இலேயே விவரித்தமை. 1937இல் மூளைத் தமனியின் வீக்கத்தை அதன் கழுத்தில் சிறு உலோகக் கவ்வியிட்டு மூடியமை எனச் சாதனைகள் தொடர்ந்தன. அறுவை முடிந்த நோயாளிகளைத் தனி அறையில் தேர்ந்த செவிலியர் இரவு பகலாகக் கவனிக்கும் ஏற்பாட்டை 1920களிலேயே செய்தார். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் முன்னோடி என அதனை மருத்துவ வரலாற்றாசிரியர் பலர் கருதுகின்றனர். 1941இல் பேஸ்பால் ஆட்டக்காரர்களின் தலைக்குப் பாதுகாப்புத் தொப்பி வடிவமைப்பதிலும் அவருடைய பங்கு உண்டு.

அறுவைக் கூடத்தில் அவர் கடுஞ்சினத்தர். உதவியாளர்கள் அஞ்சி நடுங்கினர். ஆனால் ஆசிரியர்கள், சமய ஊழியர்கள், உடன்பணி மருத்துவர்கள், பொருளற்றோர் ஆகியோரிடம் அவர் கட்டணம் வாங்குவதில்லை. வறியவர்க்குத் தம் கையிலிருந்து கொடுத்ததும் உண்டு. 1924இல் சேடி மார்ட்டினை மணந்து நான்கு குழந்தைகளுக்குத் தந்தையானார். வீட்டில் அவர் விளையாட்டுத் தோழன். பிற்காலத்தில் மகள் ஒருவர் எழுதிய வாழ்க்கை வரலாறு, மருத்துவமனையில் எவரும் காணாத அந்தத் தந்தையைக் காட்டுகிறது.

கலையுலகத்தின் இரு துயரங்களிலும் அவர் பெயர் கலந்துள்ளது. 1937 ஜூலையில் இசையமைப்பாளர் ஜார்ஜ் கெர்ஷ்வின் மூளைக் கட்டியால் நினைவிழந்தபோது, ஓய்வு பெற்றிருந்த குஷிங்கை முதலில் நாடினர். அவர் பரிந்துரைத்த பெயர் டேண்டி. பகை இருந்தபோதும் திறமையை மறுக்காத பெருந்தன்மை அது. செசபீக் விரிகுடாவில் படகில் இருந்த டேண்டியைத் தேடிப் பிடித்து, விமானத்தில் நியூவார்க் வரை கொண்டு வந்தனர். அதற்குள் நோயாளியின் நிலை முற்றியதால், லாஸ் ஏஞ்சலிஸில் இருந்த மருத்துவர்களே அறுவையைத் தொடங்க நேர்ந்தது. டேண்டியின் கை அங்கே இல்லை. கட்டி இருந்த இடத்தைக் காட்டியது அவர் கண்ட காற்றுப் படம். ஜூலை 11ஆம் நாள், தமது 38ஆம் வயதில், கெர்ஷ்வின் மறைந்தார். உயிர் பிழைத்திருந்தாலும் கட்டி மீண்டும் வளர்ந்து அவரைச் செயலற்றவராக்கியிருக்கும் என்று டேண்டி பின்னர் கடிதத்தில் ஆறுதல் எழுதினார்.

அடுத்த ஆண்டு நாவலாசிரியர் தாமஸ் வுல்ஃப் கடும் தலைவலியுடன் நாட்டின் மேற்குக் கரையிலிருந்து ரயிலில் பால்டிமோருக்குக் கொண்டு வரப்பட்டார். ஒற்றைக் கட்டியாக இருந்தால் காப்பாற்றலாம் என்னும் நம்பிக்கையில் டேண்டி மண்டையைத் திறந்தார். மூளையெங்கும் காசநோயின் மணிகள் பரவியிருந்தன. அகற்றுவதற்கு எதுவும் இல்லை. காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. 1938 செப்டம்பர் 15ஆம் நாள், 38 வயது நிறைவதற்குச் சில நாட்களே இருக்கையில், வுல்ஃப் இறந்தார். தெளிவாகக் கண்டுவிட்டால் மட்டும் காத்துவிட முடியாது என்பதை மாபெரும் கைகளும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

டேண்டி 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். அறுபதாவது பிறந்தநாள் கழிந்து இரண்டு வாரங்கள்கூட ஆகவில்லை. நோபல் பரிசுக்கு அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்தும் பரிசு கிட்டவில்லை.

இன்றைய நிலை

டேண்டி விட்டுச் சென்ற கேள்விக்குக் காலம் பகுதி பகுதியாக விடை தந்தது. 1971இல் கணினிப் படம் மனித மூளையைக் காட்டியது. பின்னர் காந்த ஒத்ததிர்வுப் படம் அதனினும் தெளிவாகக் காட்டியது. காற்றுச் சோதனையின் வேதனை முடிவுக்கு வந்தது. பினியல் பகுதிக் கட்டிகள் ஒரே இனம் அல்ல என்பதும் விளங்கியது. கரு உயிரணுக்களிலிருந்து தோன்றும் ஒருவகைக் கட்டி கதிர்வீச்சுக்கு உருகிவிடுகிறது. அதற்குக் கத்தியே வேண்டியதில்லை. வேறு சில கட்டிகள் இரத்தத்திலும் மூளை நீரிலும் தம் அடையாளப் பொருள்களைக் கசியவிடுகின்றன. முழுமையாக அகற்ற வேண்டிய கட்டிகளுக்கு, 1971இல் பென்னட் ஸ்டைன் என்னும் மருத்துவர் கிராவுசேயின் பழைய வழியை அறுவை நுண்நோக்கியுடன் மீட்டெடுத்தார். டேண்டியின் மேல்வழியும் மறையவில்லை. திருத்தம் பெற்று, கட்டியின் அமைப்புக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது. தேங்கிய நீருக்கு மூன்றாம் அறையின் அடித்தளத்தில் துளையிட்டு வழி செய்யலாம் என்று 1922இல் டேண்டி முயன்றார். அன்று அது கடினமான திறந்த அறுவை. இன்று மெல்லிய உள்நோக்கிக் குழாய் ஒன்றின் வழியே அதே துளையை இட்டு, அதே வேளையில் பினியல் கட்டியிலிருந்து சிறு துணுக்கும் எடுத்து ஆராய்கின்றனர். மண்டையை அகலத் திறக்காமலே தலைவலி தணிகிறது. கட்டியின் இனமும் தெரிகிறது.

டேண்டியின் முடிவுகள் பலவற்றைப் பின்வந்தோர் திருத்தினர். அவர் துணிந்த இடங்கள் சிலவற்றில் பொறுமையே சிறந்ததென்று இன்று தெரிகிறது. ஆயினும் வெட்டுவதற்கு முன் காண வேண்டும் என்னும் நெறியை மூளை மருத்துவத்தில் நிலைநாட்டியவர் அவர். செடாலியாவின் ரயில் ஓட்டுநர் மகன் காற்றைக் கொண்டு வரைந்த அந்த நிழற்படங்களால், வானத்தை அண்ணாந்து பார்க்க முடியாமல் தவித்த சிறுவர்களின் நோய்க்கு ஓர் இடமும் பெயரும் கிடைத்தன. அவர்களுள் பலர் இன்று நலம் பெற்று வீடு திரும்புகின்றனர். நோபல் தராத பெருமையை வால்டர் டேண்டிக்கு அவர்கள் தருகின்றனர்.